மீன் எண்ணெய் மாத்திரை, அப்பா கையில ரத்தக்கட்டு

மதுரை. அப்பாவுக்கு 67 வயசு. இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் (அடைப்பு வராம திறந்து வைக்கிற சின்னக் குழாய்) வச்சு எட்டு மாசம் ஆச்சு. ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின் எடுத்துக்கிறார். இதயத்துக்கு நல்லதுன்னு துபாய் மாமா ஒரு பெரிய டப்பா மீன் எண்ணெய் கொடுத்துட்டுப் போனார். 1000 மி.கி. மாத்திரை, பின்னாடி பொடி எழுத்துல பார்த்தா ஒமேகா-3 கொழுப்பான இ.பி.ஏ 180, டி.எச்.ஏ 120 மி.கி. தான். அப்பா தினம் நாலு போட்டிருக்கார், யார்கிட்டயும் சொல்லாம!

மூணு வாரத்துல, எங்கயும் இடிக்காமலே ரெண்டு கையிலயும் நீலமா ரத்தக்கட்டு. பல் தேய்ச்சா ஈறுல ரத்தம். மலம் கருப்பாப் போகல, தலைவலி இல்ல. நாலு நாள் முன்னாடி மீன் எண்ணெயை மட்டும் நிறுத்தினோம், மத்த மாத்திரையைத் தொடல. ரத்தம் பார்த்தாச்சு, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவுற அணுக்கள்) சரியாத்தான் இருக்கு. மருந்துக்கடையில "மீன்தானே, ஒண்ணும் பண்ணாது"ங்கிறாங்க. இதய டாக்டர் திங்கக்கிழமைதான் வர்றார்.

ஸ்டென்ட் மாத்திரையோட மீன் எண்ணெயும் சாப்பிட்டு நிறுத்தினவங்க இருக்கீங்களா? ரத்தக்கட்டு வர்றது நிக்க எத்தனை நாள் ஆச்சு?