உடல்பருமன் மருந்து தேட எலி போதுமா, தட்டில் வளர்த்த மனித நியூரான் (நரம்பு செல்) வேண்டுமா?

மாறன்: எலியை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு, உடல்பருமனுக்காகச் சோதிக்கப்பட்ட டானுகிளிப்ரான் மாத்திரை ஒன்றே சாட்சி. அது பற்றிக்கொள்ளும் ஜிஎல்பி-1 ரிசப்டரில் (பசியடக்கும் ஹார்மோனை ஏற்கும் புரதம்) 33-ஆம் இடத்தில் மனிதருக்கு டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலம், எலியில் செரின். அந்த மாத்திரை எலியின் ரிசப்டரை அசைப்பதே இல்லை. பசியை அடக்கும் நியூரான்களில் உள்ள பிஓஎம்சி புரதத்தை வெட்டி மனித நியூரான் பீட்டா-எம்எஸ்எச் என்ற பசியடக்கும் ஹார்மோனைத் தரும்; எலியில் அதற்கான வெட்டுமிடமே கிடையாது. ஐபிஎஸ் செல்லில் (எந்த வகை செல்லாகவும் மாற்றக்கூடிய தண்டுசெல்) இருந்து, பசியை ஆளும் மூளைப் பகுதியான ஹைபோதலாமஸின் நியூரானை வளர்த்துத் தேடுவதே முறை.

வேப்பமரம்: உங்க உதாரணமே உங்களுக்கு எதிரா நிக்குதே! மனித ரிசப்டர் ஏத்துன சாதாரண செல் போதும், நியூரான் எதுக்கு? உடல்பருமன் மருந்து ரிமோனபான்ட் 2006-ல ஐரோப்பாவுல வந்துச்சு, மனச்சோர்வு பயத்துல 2008-ல நிறுத்தினாங்க. தட்டுல இருக்கிற செல்லுக்கு மனச்சோர்வு வருமா?

சீரா: தட்டுல என்ன இருக்குன்னு பார்க்காமலே ரெண்டு பேரும் மோதுறீங்க. தண்டுசெல்லை ஹைபோதலாமஸ் பக்கம் திருப்புற மருந்துகள் இவை: முதல்ல எஸ்பி431542 10 மைக்ரோமோலார், எல்டிஎன் 100 நானோமோலார், எக்ஸ்ஏவி939 2 மைக்ரோமோலார். 2-ஆம் நாள்ல இருந்து எஸ்ஏஜி, பர்மார்ஃபமைன் தலா 1 மைக்ரோமோலார். ஒரு மாசம் போல ஆனா பிஓஎம்சி தெரியும். ஹைபோதலாமஸ் அடையாளப் புரதமான என்கேஎக்ஸ்2.1 வந்துடுச்சுன்னு குதிக்காதீங்க, பெருமூளைப் பக்கம் போற செல்லும் அதைக் காட்டும். பெருமூளை அடையாளமான ஃபாக்ஸ்ஜி1 இல்லைன்னு உறுதி பண்ணணும். நல்ல தட்டுலயும் பிஓஎம்சி செல் சிறுபான்மைதான். நியூரான் தூண்டப்பட்டா உள்ள ஏறுற கால்சியத்தை, தட்டோட ஒரு குழி முழுக்கச் சேர்த்து அளந்தா அதோட குரல் அமுங்கிடும். பிஓஎம்சி மரபணுவுல ஒளிரும் புரதம் சேர்த்து, செல் செல்லா எண்ணுங்க.

இன்னொண்ணு, யாரும் பேசாதது: செல் வளர்க்கச் சேர்க்கிற என்2 கலவையில இன்சுலின் மில்லிக்கு 5 மைக்ரோகிராம். வெறும் வயித்து ரத்தத்துல இருக்கிறதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல! செல் வளர்ற நியூரோபேசல் ஊடகத்துல (ஊட்டத் திரவம்) குளுக்கோஸ் 25 மில்லிமோலார். இதுல ஊறின செல் இன்சுலினுக்கு மரத்துப்போயிருக்கும். சோதனைக்குச் சில மணி நேரம் முன்னாடி இன்சுலினை எடுத்துட்டு குளுக்கோஸைக் குறைங்க. ரொம்ப நேரம் விட்டா செல் செத்துடும்.

மாறன்: இவை சரிசெய்யக்கூடிய குறைகள். நோயாளி செல்லையும் ஆரோக்கியமானவர் செல்லையும் ஒப்பிடுவதுதான் பெரிய தவறு. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடே விடையை விழுங்கிவிடும். ஒரே செல் வரிசையில் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையால், பிஓஎம்சியை வெட்டும் நொதிக்கான பிசிஎஸ்கே1 மரபணுவை மட்டும் மாற்றி ஒப்பிட வேண்டும். வேப்பமரம், ரிசப்டர் ஏற்றிய செல்லில் ஏற்கெனவே தெரிந்த ரிசப்டரைத்தானே தேட முடியும்? தெரியாததை எங்கே தேடுவீர்கள்?

வேப்பமரம்: அது நியாயமான கேள்வி. ஆனா இந்த நியூரான் கரு வயசுல நிக்குது, மருந்தை மூளைக்குள்ள விடாம தடுக்கிற ரத்த-மூளைத் தடுப்பும் கிடையாது. கணக்கும் போடுங்க: 384 குழித் தட்டுல ஓரம் 76 காய்ஞ்சு கெடும், ஒப்பிடுறதுக்கான கட்டுப்பாட்டுக் குழி 32. மிச்சம் 276. பத்தாயிரம் சேர்மத்தை ஒரு தடவை பார்க்கவே 37 தட்டு. மூணு தடவைன்னா 109. ஒவ்வொரு தொகுதியும் வேற மாதிரி வந்தா எதை நம்புறது?

சீரா: முன்னோடி செல் நிலையிலேயே ஒரே தொகுதியா உறையவச்சு, அதையே எல்லாத் தட்டுக்கும் உருக்கி எடுக்கணும். சேர்மத்தைக் கரைக்கிற டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு தட்டுலயும், நியூரானைத் தூண்டுற பொட்டாசியம் குளோரைடு போட்ட குழி வைங்க. அதுல நியூரான் தூண்டப்படலேன்னா அந்தத் தட்டைத் தூக்கிப் போடுங்க, முடிவைப் பார்க்கவே வேணாம்.