ரூம்ல சமைச்சு சாப்பிடறோம், கம்மி செலவுல சத்தா சாப்பிட என்னா வழி? (வேலூர்)

ஃப்ரெண்டும் நானும் ரூம் எடுத்து தங்கினு இருக்கோம், ஒரு அடுப்பு ஒரு குக்கர் அவ்ளோதான், ஃப்ரிட்ஜ் கிடையாது. வீட்டுக்கு பணம் அனுப்பணும், அதனால சாப்பாட்டுக்கு ஆளுக்கு மாசம் 2500 தாண்ட முடியாது. தினமும் சாதம், ரசம், உருளைக்கிழங்கு பொரியல், ராத்திரி பசிச்சா பரோட்டா. வயிறு நெறையுது ஆனா சாயங்காலம் ஆனாலே ஒடம்பு அசந்துடுது. ஓட்ஸ், ப்ரோட்டீன் பவுடர் வாங்குன்றாங்க, அதெல்லாம் நமக்கு கட்டுப்படி ஆவாது.

குடியாத்தம் அக்கா:
தம்பி உனக்கு சோறு கொறையல, பருப்புதான் கொறையுது, ரசத்துல பருப்பு எவ்ளோ இருக்கும் சொல்லு. வேர்க்கடலை நம்ம பக்கமே வெளையுது, 100 கிராம்ல 25 கிராம் கிட்ட புரதம். ராத்திரி ஒரு கைப்பிடி ஊற வெச்சுட்டு காலையில சோறு வைக்கறப்ப குக்கர்லயே மேல கிண்ணத்துல வெச்சுடு, கேஸும் மிச்சம். காராமணி, மொச்சை, கொள்ளுனு மாத்தி மாத்தி போடு, ஃப்ரிட்ஜ் இல்லன்னா என்னா, காஞ்ச பருப்பு கெடாது. பரோட்டாவுக்கு குடுக்கற காசுல ரெண்டு மூணு முட்டை வாங்கிடலாம்பா. ரேஷன் கார்டு இருந்தா தொவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் 25, அத விட்றாத.

ஆற்காட்டுக்காரன்:
அக்கா சொன்னது கரெக்ட், ஆனா கேவுர (கேழ்வரகு, ராகி) விட்டுட்டாங்க. கேவுருல 100 கிராமுக்கு சுண்ணாம்பு சத்து 300 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, அரிசியில பத்து கிட்டதான். நொய்ய கொழைய வேக வெச்சு மாவ கொட்டி கிண்டினா களி ரெடி, கீரை கடைசல் இல்லன்னா கருவாட்டு கொழம்பு தொட்டுக்கோ. மீந்தத தண்ணில போட்டு வெச்சு காலையில மோர் ஊத்தி கரைச்சு குடிச்சுட்டு வேலைக்கு போ, மதியம் வரைக்கும் தாங்கும். பாக்கெட் மாவு வேணாம், முழு கேவுரு வாங்கி மில்லுல அரைச்சுக்கோ.

காட்பாடி:
காய், கீரை டோல்கேட் உழவர் சந்தையில காலையிலயே வாங்கிடுங்க, போர்டுல வெல போட்டிருப்பாங்க, அன்னிக்கு எது கம்மியோ அத எடுங்க. கீரை, பருப்பு சாப்பிடறப்ப கொஞ்சம் எலுமிச்ச புழிஞ்சுக்கோங்க, இரும்புச்சத்து நல்லா சேரும். சாப்ட ஒடனே டீ குடிச்சா அது சேராது, ஒரு மணி நேரம் கழிச்சு குடிங்க.

கேட்டவர்:
ரொம்ப தேங்க்ஸ்க்கா, தேங்க்ஸ்ணா. ஆனா கொள்ளு சாப்ட்டா வயிறு உப்புசமா இருக்கு, என்னா பண்றது?

குடியாத்தம் அக்கா:
ராத்திரி பூரா ஊற வெச்சு அந்த தண்ணிய கொட்டிட்டு புது தண்ணில வேக வெய்யி, பூண்டும் சீரகமும் தட்டிப் போடு. மொதல்ல வாரத்துக்கு ஒரு தரம் கொஞ்சமா சாப்புடு, அப்பவும் ஒத்துக்கலன்னா பாசிப்பருப்புக்கு மாறிடு, அது லேசா செரிக்கும்.