எம்.ஓ.டி. பெயிலானால்: லண்டன், லெஸ்டர் ஆட்களின் குறிப்புகள்

ஹரோ:
எம்.ஓ.டி. என்பது பிரிட்டனில் காருக்கு ஆண்டுதோறும் செய்யும் கட்டாயச் சோதனை. அதில் பெயில் என்றவுடன் "சரி, செய்துவிடுங்கோ" என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் கராஜ் தரும் வி.டி. 30 என்ற பெயில் தாளை வாசியுங்கள். 'டேஞ்சரஸ்' (ஆபத்தான குறை) என்று ஒன்று எழுதியிருந்தாலும் திருத்தும்வரை காரை ஓட்டக் கூடாது. மீறினால் 2,500 பவுண் வரை தண்டம், 3 புள்ளி, லைசென்ஸும் போகலாம். 'மேஜர்' (பெரிய குறை) மட்டும்தான், பழைய எம்.ஓ.டி.யும் முடியவில்லை என்றால், வெளியே எடுத்து வேறு கராஜில் விலை கேட்கலாம். ஆனால் மொட்டை ரயரோடு பொலிஸ் மறித்தால் பழைய சான்றிதழ் காப்பாற்றாது, ரயரின் பூ (தடத்தின் ஆழம்) எப்போதும் 1.6 மி.மீ. இருக்கவேணும். 'அட்வைசரி' (கவனிக்கச் சொல்லும் குறிப்பு) பெயில் இல்லை, அதற்கு அவசரப்பட்டுக் காசு கொட்டத் தேவையில்லை.

ஈஸ்ட் ஹாம்:
மறுசோதனைக் காசைப் பற்றி. காரை அங்கேயே விட்டுத் திருத்தி, 10 வேலை நாளுக்குள் பார்த்தால் இலவசம். வெளியே கொண்டுபோனால், ரயர், வைப்பர், ஹோர்ன், நம்பர் பிளேட், சீட் பெல்ட், எரியாத லைட் போன்றவற்றுக்கு அடுத்த வேலை நாள் முடியுமுன் அதே கராஜுக்குத் திரும்பினால் காசில்லை. பிரேக், புகை, ஹெட்லைட் உயரம் இவை அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு 10 வேலை நாளுக்குள் பகுதிக் கட்டணம். அதையும் விட்டால் முழுச் சோதனை, ஆகக்கூடியது 54.85 பவுண்.

லெஸ்டர்:
திருத்திய பிறகும் திரும்பப் பெயிலாவது பெரும்பாலும் அரைகுறை வேலையால்தான்.

ஹெட்லைட் பல்ப் அதன் குழியில் சரியாக இருக்காவிட்டால் வெளிச்சம் மேலே ஏறிவிடும். மாற்றியதும் ஒரு சுவரில் அடித்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள்.

ட்ரம் பிரேக் காரில் ஹான்ட்பிரேக்கின் பலம் காரின் எடையில் 16 சதவீதம் காட்டாவிட்டால் பலர் கேபிளை மட்டும் இறுக்குவார்கள். அது பிழை. முதலில் உள்ளே ஷூவை (ட்ரம்மை அழுத்தும் பட்டையை) சரிசெய்யவேணும். கேபிளை இழுத்துவைத்தால் தானாகச் சரியாகும் அமைப்பு வேலை செய்யாது.

பெற்றோல் காரில் லாம்டா (புகையில் தெரியும் காற்று-எரிபொருள் விகிதம்) அதிகம் என்றால் உடனே சென்சார் வாங்காதீர்கள். எக்ஸோஸ்ட் குழாயில் சின்ன ஓட்டை இருந்தாலே வெளிக்காற்று உள்ளே போய் அப்படித்தான் காட்டும். மறுசோதனைக்குப் போகுமுன் இருபது நிமிடமாவது ஓட்டி இஞ்சினையும் கற்றலிற்றிக்கையும் (புகையைச் சுத்தமாக்கும் பாகத்தையும்) நன்றாகச் சூடாக்குங்கள். இஞ்சின் லைட்டைக் கருவியால் அழித்துவிட்டுப் போவது வீண்வேலை. கோளாறு அப்படியே இருந்தால் லைட் திரும்ப வரும்.

குரோய்டன்:
முடிவே பிழை என்று நினைத்தால் எதையும் திருத்தாதீர்கள். திருத்திவிட்டால் பார்ப்பதற்கு ஒன்றும் இராது. வி.டி. 17 என்ற முறையீட்டுப் படிவத்தை 14 வேலை நாளுக்குள் டி.வி.எஸ்.ஏ.க்கு (எம்.ஓ.டி.யைக் கண்காணிக்கும் அரசு அமைப்புக்கு) அனுப்பவேணும். முழுக் கட்டணமும் திரும்பக் கட்டவேணும். உங்கள் பக்கம் சரியென்றால் முழுதாகவோ பகுதியாகவோ திருப்பித் தருவார்கள்.