புதுப்பிப்பு: ஸ்ட்ராபெரி நீர்த்தேக்கத்தில் கோகனி

யூட்டாவின் ஸ்ட்ராபெரி நீர்த்தேக்கத்தில் ஆகஸ்டில் கோகனி சால்மன் (கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழும் சாக்கை சால்மன்) எந்த ஆழத்தில் நிற்கும் என்று இங்கே கேட்டிருந்தேன். 40 அடிக்குக் கீழே, ஓடும் படகின் பின்னால் தூண்டிலை மெதுவாக இழுங்கள் என்றீர்கள். போய் வந்துவிட்டேன்.

நாள் மந்தம்தான். சோனார் திரையில் 45 அடியில் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தது, கடிக்கத்தான் மனமில்லை. டாட்ஜர் தகட்டுக்குப் (ஆடி மினுக்கி மீனை ஈர்க்கும் உலோகத் தகடு) பின்னால் இளஞ்சிவப்பு ஹூச்சி (குட்டிக் கணவாய் வடிவ ரப்பர் இரை) கட்டி, மணிக்கு 1.3 மைல் வேகத்தில் நேராக இழுத்தவரை ஒன்றுமே இல்லை. படகை வளைத்து வளைத்து ஓட்டியதும் முதல் மீன் கடித்தது, அதுவும் வெளிப்பக்கத் தூண்டிலில். வளைவில் வெளிப்பக்கம் வேகமெடுக்கும், உள்பக்கம் தணியும். அப்படியானால் மீன் கேட்பது கூடுதல் வேகம். 1.6-க்கு ஏற்றினேன், இன்னும் சில ஏறின. கோகனியின் வாய் நனைந்த காகிதம் மாதிரி. வெட்டி இழுத்தால் கிழிந்துவிடும். நன்றாக வளையும் தூண்டில் கழி அவசியம்.

கட்த்ரோட் டிரவுட்டும் (தாடைக்கடியில் சிவப்புக் கீற்றுள்ள டிரவுட் மீன்) வந்தன. 15 முதல் 22 அங்குலம் வரை உள்ளவற்றை உடனே விட்டுவிட வேண்டும். நல்ல விதி அது. 1990-இல் ரோட்டினோன் என்ற மீன்கொல்லி மருந்து ஊற்றி, வேண்டாமல் பெருகிய சப் மீன்களை ஒழித்த ஏரி இது. அவை மறுபடி பெருகாமல் தின்று அடக்குபவை இந்தப் பெரிய கட்த்ரோட்கள்தான். மேல்நீர் வெதுவெதுப்பாக இருந்தால் மீன் சீக்கிரம் களைத்துவிடும் என்பதால் தண்ணீரிலேயே கொக்கியைக் கழற்றி விட்டேன்.

டவுன்ரிகர் (எடைக்குண்டு கட்டித் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் கருவி) இல்லாமல் முடியுமா என்று கேட்டவருக்கு: லெட்கோர் நூல் (உள்ளே ஈயக் கம்பி ஓடும் நூல்; 10 கஜத்துக்கு ஒரு நிறம் மாறும்) போதும். ஒரு நிறத்துக்குச் சுமார் 5 அடி இறங்கும்; 45 அடிக்கு 9 நிறம் விடுங்கள். வேகம் கூடினால் நூல் மேலேறும், அப்போது இன்னொரு நிறம் சேருங்கள்.