கேரளத்தின் பாலாவில் பிளஸ் டூ படித்தால் தமிழ்நாட்டு எம்.பி.பி.எஸ். சீட் போய்விடுமா?

படந்தாலுமூடு அப்பன்:
நேற்று ராத்திரி எங்கள் ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றியது. "பிளஸ் ஒன், பிளஸ் டூ கேரளாவில படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டு மெடிக்கல் சீட் கிடையவே கிடையாது, இப்பவே டி.சி. வாங்கித் திரும்பிடுங்க" என்று ஒரே உபதேசம். பேசியவர் யாரென்று குரலிலேயே தெரிந்தது. இங்கேயும்தான் இருக்கிறார். என் மகள் கோட்டயம் பக்கம் பாலாவில் நீட் கோச்சிங்கோடு பிளஸ் ஒன் படிக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து என் வீட்டுக்காரிக்குச் சோறு இறங்கவில்லை. அய்யா, தலைமுறை தலைமுறையாக விளவங்கோடு தாலுகாவில் கரம் (நிலவரி) கட்டுகிறவர்கள் நாங்கள். ரெண்டு வருஷம் எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் படித்தால் எங்களுக்குத் தமிழ்நாடு இல்லை என்று ஆகிவிடுமா? இந்த மாநிலத்துக்காரர் என்று தருகிற நேட்டிவிட்டி சான்றிதழ் என்று ஒன்று பிறகு எதற்கு?

வடசேரி வாத்தியார்:
குரல் என்னுடையதுதான். ஒளிக்க ஒன்றுமில்லை. மெடிக்கல் சேர்க்கைக்கான தகவல் தொகுப்பேட்டில் அச்சடித்திருக்கிறது: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் படித்திருக்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு. இதில் எந்த எழுத்து உங்களுக்குப் புரியவில்லை?

படந்தாலுமூடு அப்பன்:
அடுத்த வரி புரியாதது உங்களுக்குத்தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்தவர்களுக்கு நேட்டிவிட்டி சான்றிதழ் தேவையில்லை. நடுவில் ஏதாவது ஒரு வகுப்பை வெளிமாநிலத்தில் படித்திருந்தால் நேட்டிவிட்டி சான்றிதழும் பெற்றோருடைய ஆவணங்களும் வைக்க வேண்டும். 'வைக்க வேண்டும்' என்றுதான் இருக்கிறது, 'வராதே' என்று இல்லை. பாதி வரியைப் படித்துவிட்டு ஊர் முழுக்கக் குரல் பதிவு போடுவதுதான் வாத்தியார் வேலையா?

ஹைகிரவுண்ட் நாலாம் வருஷம்:
வணக்கம். பாளையங்கோட்டையில் எம்.பி.பி.எஸ். படிக்கிறேன், ஊர் திங்கள்சந்தை. ஒன்றை முதலில் பிரித்துக்கொள்ளலாமா? நம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து பாலாவுக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் இங்கேயே பிளஸ் டூ முடித்துவிட்டு, நீட்டை மறுபடி எழுத ரிப்பீட்டர் பேட்சுக்குப் போகிறவர்கள். அவர்கள் பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ்நாடு. அவர்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. அங்கேயே பள்ளியில் சேர்ந்து பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிறவர்களுக்குத்தான் இது. அந்தக் குரல் பதிவைக் கேட்டு ரிப்பீட்டர் பிள்ளைகளின் அம்மாக்களும் எனக்குப் போன் பண்ணுகிறார்கள்.

வடசேரி வாத்தியார்:
தம்பி, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே விழாதே. நான் பொதுவாகச் சொன்னேன். ஆறு முதல் பன்னிரண்டு. இதை மாற்ற உன்னாலும் முடியாது, படந்தாலுமூட்டுக்காரராலும் முடியாது.

நேட்டிவிட்டி, நேட்டிவிட்டி என்று குதிக்கிறாரே, 2017-ல் என்ன நடந்தது என்று அவருக்கு ஞாபகம் இருக்கிறதா? இங்கேயும் இருப்பிடம், அங்கேயும் இருப்பிடம் என்று இரண்டு மாநிலத்திலும் மனுப் போட்டு, பிரச்னை நீதிமன்றம் வரை போனது. ஒருவர் ஒரு மாநிலத்தில்தான் நேட்டிவிட்டி கேட்க முடியும். எல்லைப் பக்கத்து ஆட்கள் இங்கே தமிழன், கேரள நுழைவுத் தேர்வான கீம் விண்ணப்பத்தில் கேரளீயன். அதனால்தான் சரிபார்ப்பில் நம் மாவட்டத்துப் பிள்ளைகளின் காகிதத்தை மட்டும் இரண்டு முறை புரட்டுகிறார்கள்.

படந்தாலுமூடு அப்பன்:
நான் கீம் போடவில்லை. போடவும் போவதில்லை.

வடசேரி வாத்தியார்:
எழுதித் தாருங்கள்.

படந்தாலுமூடு அப்பன்:
எதற்கு உங்களிடம் எழுதித் தர வேண்டும்? நீங்கள் யார், தேர்வுக் குழுவா?

ஆரல் அக்கா:
வாத்தியார் சாருக்கு எழுதித் தர வேண்டாம் அண்ணாச்சி. அவர் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டால் போதும், பிறகு இல்லை என்று சொல்ல முடியாது. போன வருஷம் இதே இடத்தில் "அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு நம்ம பி.சி. சான்றிதழே போதும்" என்று எழுதினாரே, மறந்துவிட்டதா? என் தங்கை மகன் அதை நம்பினான். எம்.சி.சி. (மத்திய அரசின் மருத்துவக் கவுன்சலிங் குழு) கவுன்சலிங்கில் மத்திய அரசுப் படிவத்தில் எடுத்த ஓ.பி.சி. சான்றிதழ்தான் கேட்பார்கள், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று அதில் வர வேண்டும். கடைசி நேரத்தில் ஓடியும் கைக்கு வரவில்லை. பையன் பொதுப் பிரிவில் நின்றான். ஓ.பி.சி.க்கான அந்த 27 சதவீதத்தில் அவனுக்கு ஒரு இடம் இருந்திருக்கும்.

வடசேரி வாத்தியார்:
நான் மாநில ஒதுக்கீட்டைப் பற்றித்தான் சொன்னேன். உங்கள் தங்கை மகன் தப்பாகப் படித்தால் நான் என்ன செய்வேன்? பேச்சை மாற்றாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டுக்குப் பதில் சொல்லுங்கள்.

ஆரல் அக்கா:
"அகில இந்திய" என்றுதான் எழுதியிருந்தீர்கள். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

குளச்சல் காற்று:
ரெண்டு பேரும் நேட்டிவிட்டியிலேயே கிடந்து உருளுகிறீர்கள். இந்தப் பாலா மோகத்தில் பிள்ளைகளுக்குக் கைவிட்டுப் போகிற பெரிய விஷயம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. எங்கள் அண்ணன் மகன் ஆறிலிருந்து பத்து வரை அரசுப் பள்ளி. யாரோ ஏற்றிவிட்டு, பிளஸ் ஒன்னுக்குக் கேரளா அனுப்பப் பணம் கட்ட இருந்தார்கள். நான்தான் சண்டை போட்டு நிறுத்தினேன். பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் இருந்தால்தான் அந்த ஒதுக்கீடு. அந்தப் பட்டியலே தனி, போட்டியும் அவர்களுக்குள்தான். கட்டணத்தை அரசே கட்டும், தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் சரி. 2020-ல் சட்டம் வந்ததும் ஊரில் எத்தனை பேருக்கு இது உறைத்தது?

தக்கலை டீச்சர்:
அந்தச் சட்டத்தைச் சொல்லி எங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள். நம் மாவட்டத்தில் எத்தனை ஊரில் அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, எத்தனை ஊரில் மிஷன் பள்ளி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் வேலை பார்ப்பது அரசு உதவி பெறும் பள்ளி. என் வகுப்பில் கட்டுமரக்காரர் பிள்ளை, ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி பிள்ளை, முந்திரி ஆலைக்குப் போகிற அம்மாவின் பிள்ளை. சம்பளம் தருவது அரசு, புத்தகம் அரசு, சத்துணவு அரசு. ஆனால் 7.5 கிடையாது.

குளச்சல் காற்று:
டீச்சர், நிர்வாகம் உங்களுடையது, நியமனம் உங்களுடையது. இடஒதுக்கீட்டுக்கு மட்டும் அரசுப் பள்ளியா?

தக்கலை டீச்சர்:
நியமனத்துக்கும் என் வகுப்புப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? ஆர்.டி.இ. என்கிற கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. மிஷன் பள்ளிப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

வடசேரி வாத்தியார்:
7.5 இந்த இழைக்குச் சம்பந்தமில்லாதது. ஆனாலும் டீச்சர் கேட்டதால் சொல்கிறேன். சட்டத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். எல்லாருக்கும் கண்ணீர் வருகிறது என்று சட்டத்தை மாற்ற முடியாது. அதேதான் பாலாவுக்கும். ஆறு முதல் பன்னிரண்டு.

ஹைகிரவுண்ட் நாலாம் வருஷம்:
சார், மன்னிக்கணும். என் ரூம்மேட் பிளஸ் டூ வரை வெளிமாநிலத்தில் படித்தவன். அப்பாவுக்கு ரயில்வே. சொந்த ஊர் இரணியல். நேட்டிவிட்டி வைத்து 85 சதவீத மாநில ஒதுக்கீட்டில்தான் வந்தான். இப்போது எனக்கு எதிர்க்கட்டிலில் தூங்குகிறான்.

வடசேரி வாத்தியார்:
ரயில்வே வேறு. அது மாற்றல் உத்தியோகம். பாலாவுக்கு யாரும் மாற்றலில் போவதில்லை.

படந்தாலுமூடு அப்பன்:
பார்த்தீர்களா? நேற்று "கிடையவே கிடையாது." இன்று "ரயில்வே வேறு." நாளைக்கு "படந்தாலுமூடு வேறு" என்பார்.

வடசேரி வாத்தியார்:
நான் எதையும் மாற்றவில்லை. சான்றிதழ் வைக்கலாம் என்று விதி சொல்லலாம். சான்றிதழ் கிடைக்குமா என்பதுதான் என் கேள்வி. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டணும். ஒரு மேசையில் 'விளக்கம் தேவை' என்று திருப்பி அனுப்பினால் விண்ணப்பத்தின் கடைசித் தேதி போய்விடும். இது தெரியாமல் பிள்ளைகளை மலையாளக் கரைக்கு அனுப்புகிறீர்கள். நாகர்கோவிலில் கோச்சிங் இல்லையா? செட்டிகுளத்தில் இல்லையா? எல்லாம் பந்தாவுக்கு.

படந்தாலுமூடு அப்பன்:
பந்தா என்று சொல்லாதீர்கள். ரப்பர் வெட்டிய பணம். சான்றிதழைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கவும் வேண்டாம். மூத்தவனுக்கு எடுத்தவன் நான். இ-சேவையில் பதிவு செய்தோம். ஒரு அலுவலகத்தில் அவன் டி.சி.யைக் கையில் வாங்கியவர், மலையாள முத்திரையைப் பார்த்ததும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். திருப்பி, மறுபக்கம் ஒன்றுமில்லாத இடத்தையும் பார்த்தார். அப்புறம் என் ரேஷன் கார்டு, என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், என் அப்பாவின் பட்டா நகல். எல்லாவற்றையும் முன்னால் வைத்த பிறகு, "அப்ப நீங்க இந்தப் பக்கம்தானா?" என்றார். மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-லிருந்து இந்தப் பக்கம்தான் என்றேன். சிரிக்கவில்லை. ஆனால் சான்றிதழ் வந்தது.

வடசேரி வாத்தியார்:
ஆக, கஷ்டப்பட்டீர்கள் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அதைத்தான் நான் சொன்னேன்.

படந்தாலுமூடு அப்பன்:
நீங்கள் சொன்னது "கிடையவே கிடையாது."

நாஞ்சில் வயல்:
விளவங்கோட்டுக்காரர்களுக்கு எப்போதுமே இரண்டு பக்கமும் ஒரு கால். சந்தைக்கு மார்த்தாண்டம், ஆஸ்பத்திரிக்குத் திருவனந்தபுரம், சீட்டுக்கு மட்டும் தமிழ்நாடு.

படந்தாலுமூடு அப்பன்:
ஓய், மாவட்டமே தமிழ்நாட்டோடு சேர எங்கள் பக்கத்து ஆட்கள்தான் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார்கள். புதுக்கடைக்குப் போய்க் கேளும்.

நாஞ்சில் வயல்:
அதற்கும் பாலாவுக்கும் என்ன சம்பந்தம்?

ஆரல் அக்கா:
உங்கள் கால் கதைக்கு மட்டும் சம்பந்தம் இருந்ததா? பி.சி. பட்டியலை எடுத்துப் பாருங்கள். சில சாதிகளுக்கு நேரே 'கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை வட்டம்' என்று தனியாகப் போட்டிருக்கும். நம் கதை அரசாங்கக் காகிதத்திலேயே அப்படித்தான்.

ரப்பர்_விலை_என்னாச்சு:
எதற்கு இந்தப் பாடு? ஜார்ஜியாவுக்கு அனுப்புங்கள். நீட்டில் தகுதி மதிப்பெண் போதும். என் மச்சான் மகன் ஹேப்பி.

ஹைகிரவுண்ட் நாலாம் வருஷம்:
அண்ணே, படிப்பு 54 மாதம் இருக்கணும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி இருக்கணும். திரும்பி வந்து, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300-க்கு 150 எடுக்கணும். உங்கள் மச்சான் மகன் அதைத் தாண்டியாச்சா?

ரப்பர்_விலை_என்னாச்சு:
இப்ப இரண்டாம் வருஷம்தான். பனி எல்லாம் போட்டோ அனுப்புறான்.

மேலாங்கோடு அம்மா:
சண்டைக்கு நடுவில் கேட்கிறேன். மகளுக்கு இந்த வருஷம் கவுன்சலிங். நம் மாவட்டத்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியை முதல் சாய்ஸாகப் போட்டால்தான் ஆசாரிபள்ளம் கிடைக்கும், இரண்டாவதாகப் போட்டால் முதலில் போட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா?

ஹைகிரவுண்ட் நாலாம் வருஷம்:
இல்லை அம்மா. ரேங்க்தான் முதலில். அவள் முறை வரும்போது அவள் பட்டியலில் மேலிருந்து கீழே பார்ப்பார்கள், இடம் காலியாக இருக்கிற முதல் கல்லூரி அவளுக்கு. ஆசாரிபள்ளத்தை அவளுக்கு மேல் ரேங்க்காரர் எட்டாவதாகப் போட்டிருந்தாலும், அதற்கு முந்தைய ஏழும் அவருக்குக் கிடைக்காவிட்டால் அவருக்குத்தான் முதலில் போகும். அதனால் பயந்து வரிசையை மாற்றாதீர்கள். ஆசை எப்படியோ அப்படியே போடுங்கள். அரசுக் கல்லூரிகள் எல்லாம் முடிந்த பிறகு, கட்ட முடியும் என்றால் மட்டும் தனியார். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே அங்கே வருஷம் நாலு லட்சத்துக்கு மேல், நிர்வாக ஒதுக்கீடு பத்து லட்சத்தைத் தாண்டும்.

வடசேரி வாத்தியார்:
பையன் சொல்வது ஏட்டளவில் சரி. அனுபவத்தில் ஆசாரிபள்ளத்தை முதலில் போடுவதே நல்லது. பழைய டி.பி. சானடோரியம் இருந்த வளாகம், நல்ல காற்று. பெண் பிள்ளை, வீட்டுச் சோறு.

தக்கலை டீச்சர்:
பெண் பிள்ளை என்றால் மதராஸ் மெடிக்கல் காலேஜில் சோறு போட மாட்டார்களா? ரேங்க் இருந்தால் 250 இடம் உள்ள கல்லூரியை விட்டுவிட்டு வீட்டுச் சோற்றுக்கு உட்கார வேண்டுமா?

வடசேரி வாத்தியார்:
டீச்சர், உங்கள் மகள் எங்கே படித்தாள்?

தக்கலை டீச்சர்:
அது உங்களுக்குத் தேவையில்லாதது.

வடசேரி வாத்தியார்:
அதைத்தான் எதிர்பார்த்தேன்.

மேலாங்கோடு அம்மா:
தம்பி சொன்னதை எழுதிக்கொண்டேன். அகில இந்தியத்துக்கும் தனியாகப் பதியணுமா?

ஹைகிரவுண்ட் நாலாம் வருஷம்:
ஆமாம், இரண்டும் தனித்தனி. எம்.சி.சி. தளத்தில் 15 சதவீதத்துக்கு, தமிழ்நாடு தேர்வுக் குழுவின் தளத்தில் 85-க்கு. ஆசாரிபள்ளத்தில் 150 இடம் என்றால் இருபத்திரண்டு, இருபத்துமூன்று இடம் அந்தப் பக்கம் போகும். அதில் எந்த மாநிலத்துக்காரரும் வரலாம். அதேபோல திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜின் 15 சதவீதத்துக்கு நம் பிள்ளைகளும் போகலாம், கேரளீயர் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஓ.பி.சி. சான்றிதழை மட்டும் இப்போதே எடுங்கள். ஆரல் அக்கா சொன்னதைக் கேட்டீர்கள் அல்லவா.

வடசேரி வாத்தியார்:
ஆரல் அக்கா சொன்னதில் பாதி கற்பனை.

ஆரல் அக்கா:
ஸ்கிரீன்ஷாட்டைப் போடவா?

வடசேரி வாத்தியார்:
போடுங்கள். அப்போது எந்தச் சூழலில் எழுதினேன் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். நான் இந்த மாவட்டத்தில் விலங்கியல் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் இன்று எத்தனை ஆஸ்பத்திரியில் டாக்டர் தெரியுமா? அதெல்லாம் பிளஸ் டூ மார்க்கில் சீட் கொடுத்த காலம். 2017-க்குப் பிறகுதான் எல்லாரும் பாலா பாலா என்று ஓட ஆரம்பித்தது. நீட் வந்தது, தமிழில் கேள்வித்தாள் வந்தது, 2018-ல் அதே தமிழ்த்தாளில் 49 கேள்விகள் தப்பு என்று வழக்கு நடந்தது, 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. இதையெல்லாம் கூட இருந்து பார்த்தவன் நான். எனக்கு விதி சொல்லித் தருகிறீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு என்றால் ஆறு முதல் பன்னிரண்டு. நாளைக்கு இதைப் பற்றி மூன்று பகுதியாகக் குரல் பதிவு போடுகிறேன்.

படந்தாலுமூடு அப்பன்:
போடுங்கள். அந்த அடுத்த வரியையும் வாய்விட்டுப் படித்துப் போடுங்கள். என் மகள் டி.சி. வாங்கப் போவதில்லை.

குளச்சல் காற்று:
மூன்று பகுதியில் ஒரு பகுதி 7.5-க்கு ஒதுக்குங்கள் சார்.

தக்கலை டீச்சர்:
ஒதுக்கினால் உதவி பெறும் பள்ளியையும் சேர்த்துப் பேசணும்.

குளச்சல் காற்று:
மறுபடியும் ஆரம்பித்துவிட்டீர்களா டீச்சர்?