எல்ல ரயில் நிலையத்திலிருந்து சுற்று நடை: புதுப்பிப்பு

இலங்கையின் எல்ல ஸ்டேஷனில் தொடங்கி அங்கேயே முடியும் நடைக்கு, லிட்டில் ஆடம்ஸ் பீக் மலை முதலிலா, ஒன்பது வளைவு ரயில் பாலம் முதலிலா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. மலையை முதலில் முடிக்கச் சொன்னதுதான் சரியாக வந்தது.

விடிந்ததும் பசறை வீதி வழியாக லிட்டில் ஆடம்ஸ் பீக். வெயில் ஏறுமுன் உச்சி. அப்புறம் தேயிலைத் தோட்டத்தின் ஊடாக இறங்கினால், 1921-இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம். இரும்பில்லாமல் கல், செங்கல், சிமெண்டிலேயே நிற்கிறது. கீழிருந்து பார்க்க வேண்டும்.

எதிர்பாராதது அந்த இறக்கம். மழை ஈரத்தில் வழுக்குகிறது, செருப்போடு போகாதீர்கள். பாதை பிரியுமிடத்தில் கொழுந்து பறிக்கும் அக்காமார் தமிழிலேயே வழி சொன்னார்கள். மேப்பை விட அது மேல். திரும்ப எல்லவுக்குப் பலர் தண்டவாளத்தோரமாக நடக்கிறார்கள். வளைவில் ரயில் வருவது தெரியாதென்று நான் வீதிக்கே ஏறிவிட்டேன்.