தொப்பூர் ஏற்றத்தில் சூடான கார்: புதுப்பிப்பு

போன மாதம் எழுதியிருந்தேன்: தருமபுரியில் வாங்கிய 2014 மாடல் பழைய டீசல் கார், சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் சூட்டு முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது என்று. ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கும் என்று பலர் சொன்னீர்கள். மூன்று நாள் எனக்குச் சரியான தூக்கமில்லை.

கேஸ்கெட் நன்றாகவே இருக்கிறது. கோளாறு தெர்மோஸ்டாட் வால்வில், அதாவது இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வில். மூடிய நிலையிலேயே அது சிக்கிக்கொண்டதால் இன்ஜினில் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகவே இல்லை. முன்பு வைத்திருந்தவர் கூலன்ட் (துருப் பிடிக்காமல் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றாமல் வெறும் போர்த் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார். நம் பக்கத்துத் தண்ணீரின் உப்பு தெரிந்ததுதானே? கழற்றியபோது துருவும் வெள்ளைப் படிவுமாகக் கொழகொழவென்று வந்தது. மெக்கானிக் அண்ணன் நான்கு முறை அலசி, வால்வை மாற்றி, புதுக் கூலன்ட் நிரப்பிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஏசி போட்டுக்கொண்டே அதே ஏற்றத்தில் ஏறினேன். முள் பாதியைத் தாண்டவில்லை. அவ்வளவு நிம்மதி!

வாங்கும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மட்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

அப்புறம், பெயர் மாற்றம் பற்றிக் கேட்டவர்களுக்கு: படிவம் 29, 30 கொடுத்தாயிற்று. கார் மேல் பழைய கடன் பதிவு இருந்ததால் அதை நீக்கப் படிவம் 35-ம் தேவைப்பட்டது. காப்பீட்டை நம் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது டயர். பக்கவாட்டில் 2317 என்று இருக்கிறது, அதாவது 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நான்கையும் மாற்றப் போகிறேன்.